ஆயத்தப் படிப்புக்கு வரும் பெரியவர்களுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது? பாடத்திட்டம் பற்றி ஒரு கேள்வி

1. மல்லிகைப்பந்தல் (லண்டன்)

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

நான் கிழக்கு லண்டனில் ஒரு கல்லூரியில் உயிரியல் படிப்பிக்கிறேன். ‘அக்சஸ் டு ஹையர் எஜுகேஷன்’ என்று இங்கே ஒரு டிப்ளோமா இருக்கிறது. பள்ளியை இடையில் விட்டவர்கள், பிள்ளைகளை ஓரளவு வளர்த்துவிட்டு இனித் தனக்காகப் படிக்கலாம் என்று நினைப்பவர்கள், ஊரில் படித்த படிப்பு இங்கே செல்லாமல் போனவர்கள் எல்லாம் ஒரு வருடம் இதைப் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பார்கள். 1978இல் கல்வி அமைச்சு ஏழு உள்ளூர்க் கல்விச் சபைகளைக் கேட்டு முன்னோட்டமாகத் தொடங்கிய முயற்சி, பிறகு நாடு முழுக்கப் பரவியது. என் வகுப்பில் பெரும்பாலானவர்கள் தாதியர் படிப்புக்குப் போக விரும்புகிறவர்கள். முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக வகுப்புக்கு வருகிறவர்கள் உண்டு.

படிப்பின் அமைப்பு இது: மொத்தம் 60 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேரப் படிப்பு என்பது கணக்கு, ஆக 600 மணி. இதில் 45 கிரெடிட்டுக்குத் தரம் போடுவோம். மீதி 15 கிரெடிட்டுக்குத் தரம் கிடையாது, செய்து முடித்தால் போதும். எங்கள் கல்லூரியில் இந்த 15இல் பெரும்பகுதியைப் ‘படிக்கும் திறன்’ வகுப்புக்குக் கொடுத்திருக்கிறோம். திங்கள் காலை இரண்டு மணி நேரம், குறிப்பு எடுப்பது எப்படி, கட்டுரைக்கு முன்னுரை எப்படி, மேற்கோள் காட்டுவது எப்படி என்று போகும்.

அந்த வகுப்பில் எல்லோரும் நன்றாகச் செய்கிறார்கள். ஆனால் செவ்வாய்க்கிழமை என் வகுப்புக்கு வந்து சிறுநீரகத்தைப் பற்றி எழுதச் சொன்னால், இணையத்திலிருந்து பந்தி பந்தியாக எடுத்து ஒட்டுகிறார்கள். இல்லாவிட்டால் மூன்று வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். திங்களில் படித்தது செவ்வாய்க்கு வருவதில்லை.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தவர், 43 வயது, இடப்பெயர்வில் சாதாரண தரப் பரீட்சையே (இலங்கையின் பள்ளிப் பொதுப் பரீட்சை) எழுதாமல் விட்டவர். பராமரிப்பு வேலையில் 11 வருடம். உடல் நீர்ச் சமநிலை பற்றி அவர் எழுதிய கட்டுரை அரைப்பக்கம்கூட இல்லை, அதிலும் பாதி என் குறிப்பில் இருந்த வசனங்கள். இரண்டு நாள் கழித்து அவரைத் தனியாகக் கூப்பிட்டு, “அக்கா, உங்கள் இல்லத்துக்குப் புதிதாக ஒரு பிள்ளை வேலைக்கு வந்திருக்கிறாள். கால் வீங்கிய ஒரு ஐயாவுக்குத் தண்ணீரை அளந்து கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஏன் என்று அவளுக்கு விளங்க எழுதுங்கள்” என்றேன். ஒன்றரைப் பக்கம் எழுதினார். இருதயம் பலவீனமானால் நீர் எங்கே தேங்கும், குடித்ததையும் வெளியேறியதையும் ஏன் குறித்துவைக்க வேண்டும், காலையில் எடை ஏன் பார்க்க வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. ஆங்கிலத்தில் பிழை இருந்தது, விஷயத்தில் பிழை இல்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு எண்ணம். நாம் பள்ளிப் பாடத்தைச் சுருக்கி, ஒரு வருடத்துக்குள் அடைத்து, அதைப் பல்கலைக்கழக ஆயத்தம் என்று சொல்கிறோம். அது அப்படி இருக்கக் கூடாது. பட்டப் படிப்பின் முதல் பருவத்தில் இவர்களை என்ன செய்யச் சொல்வார்களோ அதிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். இவர்கள் கைக்கு ஏற்கெனவே தெரிந்ததிலிருந்து முன்னோக்கிப் போக வேண்டும். இரண்டும் சந்திக்கிற இடம்தான் பாடத்திட்டம். திங்கட்கிழமை வகுப்பைத் தனியாக வைத்திருக்காமல் பாடங்களுக்குள்ளேயே கரைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். செப்டெம்பருக்குள் திட்டத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு வகுப்பு எடுத்தவர்கள், இப்படிப் படித்தவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

2. வைகைக்கரை (மதுரை)

அக்கா, நல்ல கேள்வி. நான் இங்கே தொலைநிலைப் படிப்பு மையங்களில் பல வருஷம் வகுப்பு எடுத்தவன். இந்தியாவில் இந்த மாதிரிப் படிப்பு என்றால் முதலில் நினைவுக்கு வருவது இக்னோவின் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பி.பி.பி., அதாவது இளநிலைப் பட்ட ஆயத்தப் படிப்பு. பன்னிரண்டாவது தேறாதவர்கள் பட்டப் படிப்பில் சேர அது ஒரு வாசல். ஆறு மாதம். சமூக அறிவியல், வணிகவியல், பொதுக் கணிதம் என்று மூன்று தாள் உண்டு, இரண்டைத் தேர்ந்தெடுக்கலாம். தேர்வு 50 கேள்வி, கொடுத்திருக்கும் நான்கு விடையில் சரியான ஒன்றுக்குக் கட்டம் நிரப்ப வேண்டும்.

இப்போது நீங்கள் சொன்ன ‘பின்னோக்கி வருவது’ என்பதை இதன்மேல் வைத்துப் பார்ப்போம். இதை முடித்துப் பி.ஏ. சேர்கிறவர் முதல் மாதத்திலேயே அசைன்மென்ட் எழுத வேண்டும். அதற்கு 30 சதவீதம் மதிப்பெண். அப்புறம் பருவத் தேர்வில் பக்கம் பக்கமாக விடை. ஆயத்தப் படிப்பில் ஒரு பத்தி எழுதாமல் கட்டம் மட்டும் நிரப்பி வந்தவருக்கு இது சுவரில் முட்டிக்கொண்ட மாதிரி. ஆயிரக்கணக்கானவர்களின் தாளைத் திருத்த ஆள் கிடைக்காது, அதனால் கொள்குறித் தேர்வு என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனால் தேர்வில் இல்லாததை யாரும் படிப்பதில்லை. இரவு ஏழு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு வருகிறவரிடம், “தேர்வில் வராது, ஆனாலும் ஒரு பத்தி எழுதுங்க அண்ணே” என்று எத்தனை தடவை கேட்க முடியும்?

பாடத்திட்டத்துக்கும் முன்னால் இன்னொன்று இருக்கிறது. இது தமிழ்நாட்டுக்காரர்களுக்கு. 2009இல் உச்ச நீதிமன்றம், அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலை வழியில் நேரடியாக வாங்கிய முதுநிலைப் பட்டம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு தமிழக அரசு ஓர் ஆணை போட்டது (அரசாணை 107). பத்தாவதும் பன்னிரண்டாவதும் தேறாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டத்தை அரசு வேலைக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். என்னிடம் படித்த ஒரு தம்பி மூன்றரை வருஷம் போட்டுப் பட்டம் வாங்கிவிட்டு, டி.என்.பி.எஸ்.சி. (அரசுப் பணித் தேர்வாணையம்) விண்ணப்பத்தில்தான் இதைத் தெரிந்துகொண்டான். சேர்த்துவிட்ட மையம் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மையத்தின் பெயர் இங்கே வேண்டாம். அவன் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதனால் என் ஆலோசனை: முதல் வாரப் பாடமே ‘இந்தப் படிப்பு எந்தக் கதவைத் திறக்கும், எந்தக் கதவைத் திறக்காது’ என்பதாக இருக்கட்டும். அரசு வேலை கனவு என்றால் தனித்தேர்வராகப் பத்தாவது, பன்னிரண்டாவது எழுதுவதுதான் நேர்வழி. படிப்பு படிப்புக்காக, அல்லது தனியார் வேலையில் பதவி உயர்வுக்காக என்றால் ஆயத்தப் படிப்பு. சேரும்போதே சொல்லிவிட்டால் அந்த ஆளுடைய மூன்று வருஷம் மிஞ்சும்.

3. நொய்யல் (கோயம்புத்தூர்)

நான் வார இறுதியில் தொலைநிலைப் பட்டப் படிப்பின் முதலாண்டுக்குப் பொருளாதார வகுப்பு எடுக்கிறேன். அதாவது நீங்கள் தயார் செய்து அனுப்புகிறவர்கள் வந்து சேரும் இடத்தில் நிற்கிறேன். அங்கிருந்து ஒரு மாற்றுக் கருத்து.

மல்லிகைப்பந்தல் மேடம் சொன்ன அந்த அம்மாவின் கதை மனதைத் தொட்டது. ஆனால் அவர் எழுதியது அவருக்குத் தெரிந்த வேலையைப் பற்றி. பல்கலைக்கழகத்தில் அவருக்குத் தெரியாததைப் பற்றித்தான் எழுதச் சொல்வார்கள். என் வகுப்பில் மளிகைக் கடை நடத்துகிற ஒருவர் இருந்தார். விலை ஏறினால் எந்தச் சரக்கு நிற்கும், எது நிற்காது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். தேவை நெகிழ்ச்சி என்கிற கருத்தே அதுதான். நானும் ஆர்வமாக அவர் கடையிலிருந்தே பாடத்தைத் தொடங்கினேன். வகுப்பு கலகலப்பாகப் போனது. பருவத் தேர்வில் வரைபடத்தைக் கொடுத்து நெகிழ்ச்சியைக் கணக்கிடச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கடையிலிருந்து வரைபடத்துக்கு நான் அவரைக் கூட்டிக்கொண்டு போகவே இல்லை. கடையிலேயே உட்கார்ந்துவிட்டோம். தவறு என்னுடையதுதான்.

அனுபவத்திலிருந்து தொடங்குவோம் என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டாவது பாதியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பின்னம், விகிதம், ஒரு கோட்டு வரைபடத்தைப் படிப்பது, இரண்டு பக்கக் கட்டுரையைப் படித்து ‘இவர் என்ன வாதம் வைக்கிறார்’ என்று சொல்வது. இதெல்லாம் யாருடைய அனுபவத்திலும் தானாக இல்லை. உட்கார்ந்து பழக வேண்டும். அதற்கு நேரம் ஒதுக்காத பாடத்திட்டம் அந்த மாணவரிடம் நல்ல பெயர் வாங்கும். அடுத்த வருஷம் அவர் தோற்கும்போது அந்தப் பாடத்திட்டம் எழுதியவர் பக்கத்தில் இருக்க மாட்டார்.

4. தெற்குக்காற்று (ஆஸ்திரேலியா)

இந்தப் பக்கம் படித்தவன் என்ற முறையில் என் பங்கு. எனக்கு 37 வயதில் கிடங்கு வேலையில் முதுகு போனது. பாரம் தூக்கக் கூடாது என்றார்கள். அப்போதுதான் இங்கே பல்கலைக்கழகங்களே நடத்தும் ஆயத்தப் படிப்பு பற்றித் தெரிந்தது. நியூகாசில் பல்கலைக்கழகம் 1974இலேயே ‘ஓப்பன் பவுண்டேஷன்’ என்று ஒன்றைத் தொடங்கியிருக்கிறது, இந்த நாட்டில் இந்த வகைக்கு அதுதான் முன்னோடி. முன்தகுதி தேவையில்லை, கட்டணமும் இல்லை. இப்போது மற்றப் பல்கலைக்கழகங்களிலும் உண்டு. 2025 முதல் மத்திய அரசே கட்டணமில்லா ‘யூனி ரெடி’ இடங்கள் என்று பெயர் வைத்துப் பணம் தருகிறது.

நான் படித்தது வேறோர் ஊரில். அங்கே என்னைக் காப்பாற்றியது மூன்றாவது வாரத்தில் வந்த ஒரு சின்ன வேலை. இரண்டு பக்கம் வாசிக்கக் கொடுத்து 300 சொல்லில் எழுதச் சொன்னார்கள். மதிப்பெண் கிடையாது. ஆசிரியர் பென்சிலால் ஓரத்தில் எழுதியே ஒரு பக்கம் நிரப்பியிருந்தார். “இந்த வரி உங்களுடையது, இது கட்டுரையாளருடையது, வாசிக்கிறவருக்கு எது யாருடையது என்று தெரியவில்லை.” எனக்கு அதுவரை மேற்கோள் என்றால் அடைப்புக்குறிக்குள் வருஷம் போடுகிற சடங்கு என்ற நினைப்பு. யார் சொன்னது என்று பிரித்துக் காட்டுவதற்காக என்று அன்றைக்குத்தான் புரிந்தது. தனி வகுப்பில் ஆயிரம் தடவை சொல்லியிருந்தாலும் எனக்கு ஏறியிருக்காது. என்னுடைய எழுத்தின் மேலேயே காட்டினார், அதனால் ஏறியது.

இன்னொரு விஷயம், பாதியில் நிற்கிறவர்கள். என்னோடு தொடங்கிய பலர் முடிக்கவில்லை. அவர்களில் இருவர் எனக்கு நல்ல பழக்கம். ஒருவர் பல்கலைக்கழகம் எனக்கு வேண்டாம், மின்வேலை படிக்கிறேன் என்று தெளிவாக முடிவெடுத்துப் போனார். இன்னொருவருக்கு அம்மா படுக்கையில் விழுந்ததால் நின்றுபோனது, இரண்டு வருஷம் கழித்துத் திரும்ப வந்தார். கட்டணம் இல்லாததால் இருவருக்கும் கடன் சுமை இல்லை. வெளியே போகவும் திரும்பி வரவும் முடிகிற மாதிரி படிப்பைத் துண்டு துண்டாக அமைத்தால் நல்லது.

5. மல்லிகைப்பந்தல் (லண்டன்)

வைகைக்கரை தம்பி, அந்த முதல் வாரப் பாடத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். எங்களிடமும் அது தேவை. டிப்ளோமா மட்டும் இருந்தால் தாதியர் படிப்புக்கு இடம் கிடைக்கும் என்று நினைத்து வருகிறார்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஜி.சி.எஸ்.இ. (இங்கே 16 வயதில் எழுதும் பள்ளிப் பரீட்சை) கணிதமும் ஆங்கிலமும் சேர்த்துக் கேட்கின்றன. ஜனவரியில் அது தெரியவந்தால் அந்த வருடம் போனது போனதுதான். கடன் விஷயமும் அப்படித்தான். இந்த டிப்ளோமாவுக்கு வாங்கும் கடன், பிறகு ஒரு பட்டத்தை முடித்தால் தள்ளுபடியாகிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. பயந்து சேராமலே இருந்துவிடுகிறார்கள்.

நொய்யல் ஐயா, உங்கள் பதிவை மூன்று தரம் வாசித்தேன். நீங்கள் சொல்வது சரி. அதற்கு வலுச் சேர்க்கும், 1985இல் வெளியான ஒரு ஆய்வும் எனக்குத் தெரியும். பிரேசிலின் ரெசிஃபே நகரில் மூன்று ஆய்வாளர்கள் தெருவில் தேங்காயும் பழமும் விற்கும் பிள்ளைகளிடம் சாமான் வாங்குவதுபோலக் கணக்குக் கேட்டார்கள். 98.2 சதவீதம் சரியாக வந்தது. பிறகு அதே பிள்ளைகளிடம் அதே வகைக் கணக்கைத் தாளில் வெறும் எண்ணாகக் கொடுத்தார்கள். 36.8 சதவீதமாக விழுந்தது. ஒரு 12 வயதுப் பையனிடம் 35 க்ரூஸைரோ (அப்போதைய பிரேசில் நாணயம்) வீதம் 10 தேங்காய் எவ்வளவு என்று கேட்டபோது, மூன்று 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210, இன்னும் நான்கு வேண்டும் என்று ஏறிக்கொண்டே போய் 350இல் நின்றான். பத்தால் பெருக்கினால் ஒரு சைபர் போடலாம் என்ற பள்ளி விதி அவனுக்குத் தேவைப்படவே இல்லை.

இதை வாசிக்கிற பலர், பார்த்தீர்களா, பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும், பள்ளிதான் சரியில்லை என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது 98க்கும் 36க்கும் நடுவில் இருக்கும் பள்ளம். யாராவது பாலம் போடாவிட்டால் தெருவில் தெரிந்தது தாளுக்கு வராது. அந்தப் பாலம் போடுவதற்குத்தான் எனக்கு 600 மணி கொடுத்திருக்கிறார்கள்.

உயிரியலில் நான் செய்துபார்த்த ஒன்று. சவ்வினூடாக நீர் நகர்வதைச் சொல்லிக் கொடுக்கும்போது வகுப்பில் ஒரு வேடிக்கையான தடங்கல் வந்தது. யாழ்ப்பாணத்து அக்காவுக்கு அது ‘பிரசாரணம்’. தஞ்சாவூரிலிருந்து வந்த தங்கைக்கு அது ‘சவ்வூடு பரவல்’. இருவரும் வேறு வேறு பாடம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஊறுகாய் பற்றிக் கேட்டேன். நறுக்கிய மாங்காயில் உப்பைப் போட்டு வைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் எங்கிருந்து வந்தது? நாங்கள் ஊற்றவில்லையே? அரை மணி நேரம் எல்லோரும் கதைத்தார்கள், சோமாலிப் பெண்கள், போலந்துக்காரர் எல்லோரிடமும் இதற்கு ஒரு சமையல் இருந்தது. அங்கேயே நின்றிருந்தால் நீங்கள் சொன்ன மளிகைக் கடை கதைதான். அடுத்த கேள்வி: உப்பு, மாங்காயிலிருந்து நீரை இழுக்கும் என்றால், நரம்பு வழி ஏற்றும் சேலைனில் ஏன் 0.9 சதவீதம் உப்பு இருக்கிறது? லிட்டருக்கு 9 கிராம். அதற்குப் பதில் வெறும் தண்ணீரை ஏற்றினால் சிவப்பணுவுக்கு என்ன நடக்கும்? இந்த இடத்தில் சமையலறை உதவாது. படம் வரைய வேண்டும், செறிவு என்ற சொல் வேண்டும், பாடப்புத்தகத்தின் அந்த இரண்டு பக்கத்தை வாசிக்க வேண்டும். வாசித்தார்கள். இந்தத் தரம் ஏன் வாசிக்கிறோம் என்று தெரிந்து வாசித்தார்கள்.

திங்கள் வகுப்பு பற்றியும் ஒன்று. 1998இல் மேரி லீ, பிரையன் ஸ்ட்ரீட் இருவரும் பல்கலைக்கழக மாணவர்களின் எழுத்தைப் பற்றி எழுதினார்கள். எழுதத் தெரியவில்லை என்பதை மாணவரிடம் இருக்கும் ஒரு குறையாகவே பார்க்கிறோம், ஆனால் ‘நல்ல எழுத்து’ என்பது பாடத்துக்குப் பாடம், ஆசிரியருக்கு ஆசிரியர் மாறுகிறது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பது அவர்கள் வாதம். வரலாற்றுக் கட்டுரையும் ஆய்வுகூட அறிக்கையும் ஒரே முன்னுரை, ஒரே முடிவுரை அச்சில் வராது. திங்களில் நாங்கள் சொல்லிக் கொடுத்தது எந்தப் பாடத்துக்கும் சொந்தமில்லாத ஒரு கட்டுரை. தெற்குக்காற்று தம்பி சொன்ன பென்சில் குறிப்பு எந்தத் தனி வகுப்பிலும் நடந்திருக்காது.

6. மட்டுவாவி (மட்டக்களப்பு)

அக்கா பிரசாரணம் பற்றிச் சொன்னதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. மொழி பற்றி இந்த இழையில் இன்னும் யாரும் தொடவில்லை.

இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980இல் நாவலவில் தொடங்கியது, இங்கே மட்டக்களப்பிலும் அதற்கு நிலையம் இருக்கிறது. உயர்தரம் (பல்கலைக்கழகம் போக எழுதும் பரீட்சை) இல்லாமல் வருகிறவர்களுக்கு அடிப்படைப் பாடநெறிகள் உண்டு. யுத்தத்தில் படிப்பைத் தொலைத்த என் வயதுக்காரர் பலருக்குப் பட்டம் என்ற சொல் அந்தப் பக்கமிருந்துதான் வந்தது. அதை மதிப்போடு சொல்கிறேன்.

நான் சொல்ல வருவது பொதுவான ஒரு சங்கடம். எங்கே என்றாலும் இதே கதைதான். ஆயத்தப் படிப்பைத் தமிழில் படிக்கிறோம். நன்றாக விளங்குகிறது, ஒப்படைகளில் நல்ல புள்ளி. மேலே போனதும் விரிவுரை ஆங்கிலம், நூல் ஆங்கிலம், பரீட்சை ஆங்கிலம். முதல் ஆறு மாதம் எனக்கு விஷயம் தெரியாமல் போகவில்லை, எனக்குத் தெரிந்த விஷயத்தைத்தான் விரிவுரையாளர் சொல்கிறார் என்பதே தெரியாமல் போனது. ‘ஒஸ்மோசிஸ்’ என்று அவர் சொல்லும்போது என் மண்டைக்குள் இருக்கும் பிரசாரணம் எழும்பி வரவில்லை.

இதற்கு ஆங்கில வகுப்பைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். எங்களுக்கும் ஆங்கிலம் வைத்தார்கள். சந்தையில் சாமான் வாங்குவது, தொலைபேசியில் கதைப்பது, விடுமுறைக்கு எங்கே போனாய் என்று. உயிரியல் நூலை வாசிக்க அது உதவவில்லை. நான் பிறகு தனியாகச் செய்தது வேறு. ஒரு கொப்பியில் மூன்று நிரல் போட்டேன். முதலாவதில் ஆங்கிலச் சொல், இரண்டாவதில் தமிழ்ச் சொல், மூன்றாவதில் அதை வைத்து என் சொந்த வசனம். ஒவ்வொரு கிழமையும் படித்த பாடத்திலிருந்து 15 சொல். அதே பாடத்தைத் தமிழில் படித்த அன்றே ஆங்கிலத்தில் ஒரே ஒரு பக்கம் வாசித்தேன். விஷயம் தெரிந்திருந்ததால் மொழி கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. இதை ஆயத்தப் படிப்பிலேயே வைத்திருந்தால் எனக்கு ஒரு வருடம் மிஞ்சியிருக்கும்.

7. வைகைக்கரை (மதுரை)

மட்டுவாவி அண்ணன் சொன்னது இங்கேயும் அப்படியே. அந்த மூன்று நிரல் நோட்டை நான் நாளைக்கே வகுப்பில் தொடங்குகிறேன்.

நொய்யல் சாருக்கு, பாலம் பற்றி. நான் கணிதத் தாளுக்கு ஏலச்சீட்டை வைத்துச் சமன்பாடு நடத்துவேன். வகுப்பில் சீட்டுப் போடாத பெண்கள் குறைவு. 20 பேர், மாதம் 5,000, மொத்தம் ஒரு லட்சம். ஒருவர் 20,000 தள்ளி (விட்டுக்கொடுத்து) எடுக்கிறார். நடத்துபவருக்குக் கமிஷன் 5,000. மிச்சம் 15,000ஐ 20 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 750. ஆக இந்த மாதம் கட்ட வேண்டியது 4,250. இதை எல்லோரும் மனசிலேயே சொல்லிவிடுவார்கள், எனக்கு முன்னால் சொல்லிவிடுவார்கள்.

பிறகு 12,000 தள்ளினால்? 4,650. 8,000 தள்ளினால்? 4,850. பலகையில் பட்டியலாக எழுதுவோம். அப்புறம் தலைகீழாகக் கேட்பேன்: போன மாதம் எல்லோரும் 4,500 கட்டினீர்கள், எவ்வளவு தள்ளி எடுத்திருப்பார்கள்? இங்கேதான் வகுப்பு அமைதியாகும். மனக்கணக்கு இதுவரை ஒரு திசையில்தான் போய்ப் பழகியிருக்கிறது. ஒருவர் மெதுவாக, “500 குறைஞ்சிருக்கு, 20 பேருக்குப் பத்தாயிரம், கமிஷன் சேர்த்தா பதினஞ்சாயிரம்” என்பார். அந்த மூன்று படியையும் அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுவேன். தள்ளிய தொகைக்கு ஓர் எழுத்து வைத்து அதன் பக்கத்திலேயே சமன்பாட்டை எழுதுவேன். எக்ஸைக் கண்டு பயந்து பள்ளியை விட்டவர்கள், அது தாங்கள் இப்போது வாயால் சொன்ன தொகைதான் என்று பார்ப்பார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். நான் இதுவரை இங்கேயே நிறுத்திவிடுவேன். வரைபடம் போட்டதில்லை.

8. நொய்யல் (கோயம்புத்தூர்)

போடுங்கள் தம்பி! அந்தப் பட்டியலையே புள்ளி வைத்தால் நேர்கோடு கிடைக்கிறது. தள்ளு 20 ரூபாய் ஏறினால் கட்டுத்தொகை ஒரு ரூபாய் இறங்குகிறது. சரிவு என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாக நான் சொல்லிக் கொடுத்ததில்லை. அடுத்து, தள்ளு 5,000க்குக் கீழே போனால் கோடு என்ன சொல்கிறது, சீட்டில் அது நடக்குமா என்று கேளுங்கள். சூத்திரத்துக்கு எல்லை உண்டு என்பது அங்கே புரியும். பொருளாதாரத்தில் பட்டம் வாங்கிய சிலருக்கே அது புரிவதில்லை. இப்படி வந்த ஒருவருக்கு நான் நெகிழ்ச்சி நடத்தினால் பேனாவைக் கீழே வைக்க மாட்டார்.

மேலே நான் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். அனுபவத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒவ்வொரு பாட அலகிலும் தொடக்கப் புள்ளியை எழுதுகிற அளவு கவனமாகப் போய்ச் சேரும் புள்ளியையும் எழுதச் சொல்கிறேன். ‘இந்த அலகின் முடிவில் இவர் இதற்கு முன் பார்த்திராத ஒரு பக்கத்தைத் தனியாகப் படித்து இதைச் செய்வார்’ என்று ஒரு வரி. அந்த வரி இல்லாத அலகை ஏற்காதீர்கள்.

9. இரவுப்பணி

வணக்கம். பெரிதாக எழுதத் தெரியாது. நான் இப்போது இப்படி ஒரு படிப்பில் இருக்கிறேன், இரண்டு பிள்ளைகள். நீங்கள் எல்லோரும் பாடம் பற்றிச் சொல்வது சரி. ஆனால் நவம்பர் கடைசி வாரத்தில் நான்கு பாடத்துக்கும் ஒரே வாரத்தில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அந்த வாரம் சின்னவனுக்குக் காய்ச்சல். இரண்டை விட்டுவிட்டேன். திருத்திக் கொடுக்க ஒரு வாய்ப்பு உண்டு, ஆனால் முதலில் கொடுத்திருந்தால்தானே திருத்துவதற்கு. அன்றைக்கு நின்றுவிடலாம் என்று நினைத்தேன். ஆசிரியர்கள் நான்கு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் அந்த வாரம் அப்படி வந்திருக்காது. வகுப்பு காலை ஒன்பதரைக்குத் தொடங்கி இரண்டரைக்கு முடிந்தால் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, திரும்பக் கூப்பிட முடியும். இதையும் பாடத்திட்டத்தில் எழுதுவார்களா என்று தெரியவில்லை.

10. மல்லிகைப்பந்தல் (லண்டன்)

இரவுப்பணி தங்கைக்கு முதலில் பதில். எழுத வேண்டும், எழுதுவேன். உங்கள் பதிவை வாசித்துவிட்டு எங்கள் கல்லூரியின் போன வருட ஒப்படைத் திகதிகளை எல்லாம் ஒரே தாளில் போட்டுப் பார்த்தேன். டிசம்பர் முதல் வாரத்தில் ஐந்து. அந்த வாரத்துக்குப் பிறகு வராமல் போனவர்கள் யார் யார் என்று எனக்குப் பெயரோடு தெரியும். அது அவர்களுடைய சோம்பல் இல்லை. நாங்கள் ஒருவர் திகதியை ஒருவர் பார்க்காமல் வைத்தோம். நீங்கள் விட்ட அந்த இரண்டைப் பற்றி ஆசிரியரிடம் நேரில் போய்க் கேளுங்கள். காலநீட்டிப்புக்குப் பெரும்பாலும் வழி இருக்கும், கேட்காதவர்களுக்குத்தான் கிடைப்பதில்லை. தயவுசெய்து நிற்க வேண்டாம்.

திட்டத்தின் முதல் வரைவு இன்று இரவு எழுதினேன். திங்கள் வகுப்பை எடுத்துவிடவில்லை, மாற்றியிருக்கிறேன். இனி அந்த இரண்டு மணி நேரத்தில் புதுப் பாடம் இல்லை. செவ்வாயும் புதனும் எழுதப் போகும் அதே வேலையை அங்கே உட்கார்ந்து எழுதுவார்கள், பாட ஆசிரியர் ஒருவர் பென்சிலோடு கூடவே இருப்பார். முதல் வாரம் கதவுகள் பற்றி: எந்தப் பல்கலைக்கழகம் என்ன கேட்கிறது, கடன் எப்படி, ஜி.சி.எஸ்.இ. யாருக்குத் தேவை. மூன்றாவது வாரம் மதிப்பெண் இல்லாத 300 சொல். மட்டுவாவியின் மூன்று நிரல் கொப்பி எல்லாப் பாடத்துக்கும், சொந்த மொழி எதுவோ அது நடு நிரலில்.

கணிதத்தில் பின்னோக்கி வருவது எனக்குச் சுலபமாக இருந்தது. இங்கே தாதியாகப் பதிவாக, மருந்துக் கணக்கில் 100 சதவீதம் எடுத்தே ஆக வேண்டும், 99 போதாது. அதனால் நான் போய்ச் சேரும் புள்ளி இது: ஒரு லிட்டர் சேலைன், எட்டு மணி நேரம், ஒரு மில்லிலிட்டருக்கு 20 துளி விழும் குழாய். நிமிடத்துக்கு எத்தனை துளி? 20,000 துளியை 480 நிமிடத்துக்குப் பிரித்தால் 41.67, ஆக 42. ஏன் 42 என்று கூட்டுகிறோம், அரைத் துளி ஏன் இல்லை, ஆறு மணி நேரத்தில் முடிக்கச் சொன்னால் என்ன ஆகும், இதையெல்லாம் அவர்கள் எழுத்தில் சொல்ல வேண்டும். நொய்யல் ஐயா கேட்ட அந்த ஒரு வரியை இப்படி எழுதியிருக்கிறேன்: ‘இதற்கு முன் பார்த்திராத ஒரு மருந்துச் சீட்டை வாசித்து, கணக்கைச் செய்து, ஏன் அப்படிச் செய்தேன் என்று பக்கத்தில் இருப்பவருக்கு விளங்க எழுதுவார்.’ சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

தொடக்கப் புள்ளிதான் இன்னும் பிடிபடவில்லை. வைகைக்கரை தம்பி, உங்கள் சீட்டுக் கணக்கின் பட்டியலை முழுதாக எழுதி அனுப்ப முடியுமா? என் வகுப்பில் சோமாலிப் பெண்கள் ‘ஹக்பத்’ என்று இதே மாதிரி ஒன்று போடுகிறார்கள், அதில் ஏலம் இல்லை, மாறி மாறி எடுப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் வரைவோடு சேர்த்துக் கொடுத்துவிடுவேன்.

11. வைகைக்கரை (மதுரை)

நாளை இரவு அனுப்புகிறேன் அக்கா. இந்த முறை வரைபடத்தோடு.